காசநோயும் கொரோனாவும்: ஒரே நுரையீரல், இரு வேறு எதிர்ப்பு

2020இல் கர்நாடக எல்லையிலுள்ள அத்திபெலே சோதனைச்சாவடியில் ஓசூர்ப் பக்கமிருந்து வந்தவர்களை நிறுத்தி, நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கருவிக்கு வைரஸ் தெரியாது. வைரஸைக் கண்டு உடல் காட்டிய எதிர்ப்பின் சூடுதான் தெரியும். எதிர்ப்பு கிளம்பும் முன்பே அடுத்தவருக்குப் பரவிவிடும் கொரோனாவை அது நிறையவே தவறவிட்டது. மாலையில் மட்டும் காய்ச்சல் காணும் காசநோயாளி, காலை ஷிஃப்டுக்குப் போகையில் அதன் முன் தைரியமாக நின்றிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் அறிகுறியே காட்டாத எச்.ஐ.வி. தொற்றுள்ள லாரி ஓட்டுநரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று நோய்களும் ஒரே நெடுஞ்சாலையில் போய்வருகின்றன. உடல் அவற்றுக்குப் பதில் சொல்லும் விதம்தான் வேறு. அதிலும் நுரையீரலையே குறிவைக்கும் காசநோயையும் கொரோனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் காப்பாற்றுவது மற்றதில் கெடுக்கிறது.

1882இல் ராபர்ட் கோக் அடையாளம் காட்டிய காசநோய்க் கிருமிக்கு அவசரமே கிடையாது. ஒன்று இரண்டாகப் பெருக ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதை விழுங்க வரும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடியேறி, விழுங்கியதைச் செரிக்கும் அமிலப்பை தன்னிடம் வந்து சேராதபடி தடுத்துவிடும். தகவல் நிணநீர்க் கணுவுக்குப் போய், டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் தயாராகித் திரும்பி வர வாரங்கள் ஆகின்றன. தொற்றிய 2 முதல் 8 வாரங்கள் கழித்தே, காசநோய்த் தொற்றைக் கண்டறியும் மாண்டூ ஊசி போட்ட இடம் தடிப்பது இதனால்தான். வந்த செல்களும் கிருமியை முழுதாக ஒழிப்பதில்லை. அதைச் சுற்றி கிரானுலோமா என்ற முடிச்சைக் கட்டி அடைத்துவைக்கின்றன. கட்டு அவிழாதவரை ஆபத்து இல்லை. தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோயாக வெடிக்கிறது.

கொரோனாவில் எல்லாம் நாள் கணக்கு. முதல் சில நாட்களில், வைரஸ் புகுந்த செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்க வேண்டும். இந்த எச்சரிக்கை பிந்தினால் வைரஸ் தாராளமாகப் பெருகுகிறது. பிறகு விழித்துக்கொள்ளும் உடல் அளவு மீறி அடிக்கிறது. பலருக்கு மூச்சுத்திணறல் இரண்டாம் வாரத்தில், அதாவது வைரஸ் குறைந்துவரும் வேளையில், வந்ததை வேறெப்படி விளக்குவது?

இரண்டு நோய்களும் முட்டிக்கொள்ளும் இடமும் இந்த இன்டர்ஃபெரான்தான். 2020இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், உயிருக்குப் போராடிய 987 கொரோனா நோயாளிகளில் 101 பேரின் உடல், தன் சொந்த முதல்வகை இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகளை வைத்திருந்தது தெரிந்தது. முதல்வகை இல்லாததால் அவர்கள் வீழ்ந்தார்கள். காசநோயிலோ கதை தலைகீழ். 2010இல் லண்டன் ஆய்வாளர்கள், நோய் முற்றியவர்களின் ரத்தத்தில் இதே முதல்வகை இன்டர்ஃபெரானின் தடம் அழுத்தமாகப் பதிந்திருப்பதைக் கண்டார்கள். நுரையீரல் பாதிப்பு கூடக்கூடத் தடமும் கூடியது. காசநோயில் உடலைக் காப்பது காமா என்ற இரண்டாம் வகை. அது செயல்படும் வழி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியிலுள்ள பலவீனமான கிருமிகூட நோயாக மாறிவிடும்.

ஆன்டிபாடி விஷயத்திலும் இதே குழப்பம். கொரோனாவில் ஆன்டிபாடி இருந்தால் தொற்று வந்து போயிருக்கிறது, அல்லது தடுப்பூசி வேலை செய்திருக்கிறது. பெரியவர்களில் எச்.ஐ.வி. ஆன்டிபாடி இருந்தால் வைரஸ் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். காசநோயில் ரத்த ஆன்டிபாடிப் பரிசோதனை நம்பவே தகாதது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டே இந்திய அரசு தடை விதித்தது. அதுவரை அந்தச் சோதனைக்கு ஏழைகள் கொட்டிய பணம் வீண் என்றே சொல்வேன்.

கிரானுலோமாவின் முடிச்சைக் கட்டிக்காக்கும் சிடி4 டி செல்களின் அருமையை உலகுக்குக் காட்டியது எச்.ஐ.வி. அது பிடிப்பதே அந்தச் செல்களைத்தான். இயல்பாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்கவேண்டியவை 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. ஆனால் காசநோய் அதுவரை காத்திருப்பதில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எச்.ஐ.வி. தொற்றிய முதல் ஆண்டுக்குள்ளேயே காசநோய் இரு மடங்கானது. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பின், 1928இல் காசநோய்க்கென்று தொடங்கிய தாம்பரம் சானடோரியம் எய்ட்ஸ் நோயாளிகளாலும் நிரம்பியது தற்செயல் அல்ல.

2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏஆர்டி மாத்திரை இந்தியாவில் இலவசமாக வந்ததும் சிடி4 மீண்டும் ஏறியது. அப்போது இன்னொரு விசித்திரம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும், கழுத்துக் கட்டி வீங்கும், நுரையீரல் நிழல் பெரிதாகும். திரும்பி வந்த எதிர்ப்பாற்றல், அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட காசநோய்க் கிருமிமேல் ஒரேயடியாகப் பாய்கிறது. முதலில் காசநோய் மருந்து, பிறகு ஏஆர்டி என்ற வரிசை இதற்காகவும்தான். கொரோனாவின் இரண்டாம் வாரத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை.

ஸ்டீராய்டு இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டும். 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை. எரிகிற எதிர்ப்பை அடக்கும் அதே மருந்து, கிரானுலோமாவைக் காக்கும் செல்களையும் அடக்கும். மூட்டுவாதத்துக்கு, இதேபோல் எதிர்ப்பை அடக்கும் டி.என்.எஃப். தடுப்பு மருந்து பெற்றவர்களுக்குக் காசநோய் கிளம்பியதாக 2001இலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. (மூளைச்சவ்வுக் காசநோயில் மட்டும், கிருமிக்கொல்லி மருந்துகளோடு சேர்த்து, டெக்ஸாமெத்தசோனே உயிர் காக்கிறது. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை.)

பி.சி.ஜி. இரண்டுக்கும் உதவாதா என்ற ஆசையும் இருந்தது. 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய மாபெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றது. மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த ‘பிரேஸ்’ ஆய்வு கொரோனாவுக்கும் அதே பதிலைத் தந்தது.

ஆகவே ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று மருந்துக்கடையில் தொங்கும் பாட்டிலைப் பார்த்தால், எந்தச் சக்தியை, எந்த வாரத்தில் என்று கேளுங்கள். கொரோனாவுக்குப் பின் இருமல் இரண்டு, மூன்று வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும் என்று 2022 ஜனவரி அரசு வழிகாட்டுதலே சொன்னது. ஸ்டீராய்டு எடுத்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் எச்.ஐ.வி. உள்ளவர்களும் அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஓசூரில் வீடும் அத்திபெலேயில் வேலையும் என்றாலும் கவலையில்லை: அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம், ஒரு மாநிலத்தில் தொடங்கிய சிகிச்சையை அரசின் நிக்ஷய் காசநோய்ப் பதிவின் மூலம் அடுத்த மாநிலத்தில் தொடரலாம்.