களையெடுக்கும் உயிரணுக்கள்



பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தோர் இதனை அறிவர்: கன்றுகளைத் தேவைக்கு அதிகமாகவே நடுவார்கள், வளர்ந்தபின் நலிந்தவற்றை வெட்டி அகற்றுவார்கள். குழந்தையின் மூளையிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. அங்கே வெட்டி அகற்றுவது யார் என்பது நெடுங்காலம் தெரியாதிருந்தது.

1856இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்சோ, நரம்பணுக்களுக்கு இடையே உள்ளதை 'நரம்புப் பசை' எனப் பொருள்படும் சொல்லால் குறித்தார். பசை என்று பெயரிட்டுவிட்டால் அதனை யார் பொருட்படுத்துவர்? 1919இல் ஸ்பெயினைச் சேர்ந்த பியோ தெல் ரியோ ஒர்த்தேகா, மூளைத் துணுக்குகளுக்கு வெள்ளிச் சாயமேற்றி, சிதைவுகளை விழுங்கும் சிற்றணுக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். மைக்ரோகிளியா எனப் பெயரிட்டார். மறு ஆண்டே, நோபெல் பரிசு பெற்ற கஹாலின் ஆய்வுக்கூடத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். உள்நாட்டுப் போர் அவரை நாட்டைவிட்டே துரத்தியது. 1945இல் புவெனஸ் ஐரிஸில் மறைந்தார்.

1979இல் சிக்காகோவின் பீட்டர் ஹட்டன்லாக்கர், இறந்தோரின் மூளைகளில் நரம்பிணைப்புகளை எண்ணிப் பார்த்தார். முன்மூளையின் ஒரு பகுதியில், 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் அடர்த்தி! பிறகு 16 வயதுவரை அது குறைந்துகொண்டே வந்தது.

குறைப்பவர் யார்? 2007இல் பெத் ஸ்டீவன்ஸும் பென் பாரெஸும், நோய்க்கிருமிகளை அடையாளமிடும் அதே புரதங்கள் எலிகளின் வளரும் மூளையில் இணைப்புகளையும் அடையாளமிடுவதைக் கண்டனர். 2012இல், கண்ணிலிருந்து வரும் நரம்புப் பாதையில் மைக்ரோகிளியா இணைப்புகளை விழுங்குவது புலனாயிற்று. இயக்கம் குறைந்த கண்ணின் இணைப்புகளே மிகுதியாக விழுங்கப்பட்டன. மறு ஆண்டில், விண்மீன் வடிவுடைய துணையணுக்களும் இப்பணியில் பங்கேற்பது தெரியவந்தது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலத்திற்கு மூளையில் இடமிராது என்று ஈப்போவில் பெற்றோர் சிலர் என்னிடம் கூறியுள்ளனர். மேற்கண்ட ஆய்வுகள் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. மூளையைத் தூண்டுவதாகக் கூறிக் கட்டணம் வாங்கும் வகுப்புகளுக்கும் இவற்றில் சான்றில்லை.

மாறாக, 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இந்தியிலுள்ள த, ட ஒலிகளின் வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் உணர்ந்தன. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலானவை உணரவில்லை. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அத்திறன் நிலைத்திருந்தது. இதற்குச் சிற்றணுக்களே காரணம் என்று முடிச்சுப் போட்டுவிடக் கூடாது; இழந்த ஒலியைப் பயிற்சியால் ஓரளவு மீட்கவும் இயலும். ஆயினும் அந்த த, ட வேறுபாடு நம் தமிழிலும் உள்ளதுதானே!