கடைசி அலகில் கிடக்கும் இதழ்கள்

தமிழ் இதழியல் வரலாறு என்றால் பல கல்லூரிகளில் சுதேசமித்திரன், இந்தியா என்று ஓடிவிடுகிறார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்', 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' எங்கே என்றால், 'கடைசி அலகில் இருக்கே' என்று பதில். கடைசி அலகு எந்த வகுப்பில் முடிஞ்சிருக்கு?

காலவரிசைப்படி வையுங்கள், 'பறையன்' தானாகவே பாரதியின் 'இந்தியா'வுக்கு முன்னால் வந்து நிற்கும். ஆனால் பெயரை மட்டும் வாசித்துவிட்டு நகராதீர்கள். பின்பெஞ்சில் சிரிப்பு எழும், நம்ம பிள்ளை தலைகுனியும். இழிசொல்லாக எறியப்பட்டதையே சீனிவாசன் ஏன் தலைப்பாக்கினார் என்பதை முதலில் பேசுங்கள். அதற்கே ஒரு மணிநேரம் போகட்டும். அப்புறம், அலாய்சியஸ் 1999இல் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகளிலிருந்து ஒரு கட்டுரையை வாசிக்கக் கொடுங்கள். பைசா விலை யாருக்காக, 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது எப்படி என்று கேளுங்கள். தேர்விலும் கேளுங்கள்.