சாக்கடலோரத்துச் சுருள்கள்

1954ஆம் ஆண்டு யூன் முதலாம் திகதி அமெரிக்காவின் 'வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்' பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் வெளிவந்தது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட வேதாகமச் சுவடிகள் விற்பனைக்கு உண்டு என்றது அது. உலகின் பெருஞ்செல்வமொன்று வரிவிளம்பரத்தில்! இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிகேல் யாடின் இடையாள் ஒருவர் மூலம் இரண்டரை இலட்சம் டொலருக்கு அவற்றை வாங்கினார்.

அவை சாக்கடலின் வடமேற்குக் கரையில், கும்ரான் என்ற வரண்ட இடத்தில், 1947 அளவில் ஆட்டிடையர் கண்டெடுத்தவை. குகையினுள்ளே மண்சாடிகள், தோற்சுருள்கள். 1956க்குள் பதினொரு குகைகளிலிருந்து சுமார் 900 சுவடிகளின் எச்சங்கள் கிடைத்தன. அவற்றுள் ஏசாயாச் சுருள் ஏழு மீற்றருக்கும் நீளமானது. அதுவரை அறியப்பட்டிருந்த எபிரேய வேதாகமப் பிரதிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது.

ஆயினும் நேயர்களே, என்னைக் கவர்ந்தது அங்கு கிடைத்த ஒழுங்குவிதி நூல்தான். யெருசலேம் ஆலயத்து ஆசாரியருடன் முரண்பட்டுப் பாலைவனத்துக்கு ஒதுங்கிய யூதத் துறவிகள் இவர்கள். எஸ்ஸீனர் என்பதே ஆய்வாளர் பலரின் முடிபு. மறுப்போரும் உளர். சொத்து பொது, உணவு பொது. சபையில் உறங்கினால் முப்பது நாள் தண்டனை. அறிவீனமாய் வாய்விட்டுச் சிரித்தாலும் முப்பது நாள்! விதி எழுத நேர்ந்ததென்றால் யாரோ உறங்கியிருக்கிறார், யாரோ சிரித்திருக்கிறார் என்றுதானே பொருள்?

கி.பி. 68இல் உரோமர் படை வந்தது. குடியிருப்பு எரிந்தது. சுருள்களை ஒளித்தவர்கள் அவற்றை எடுக்கத் திரும்பவில்லை.

பிறகு இன்னொரு மறைப்பு நிகழ்ந்தது. அதைச் செய்தவர்கள் படித்தவர்கள். 1952இல் நான்காம் குகையில் கிடைத்த ஆயிரக்கணக்கான துணுக்குகளிற் பெரும்பகுதி, ஒரு சிறு ஆய்வாளர் குழுவின் கைக்குள்ளேயே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தது. வேலை கடினமானது, ஒப்புக்கொள்கிறேன். நகத்தளவு துண்டுகளைப் பொருத்துவது எளிதல்ல. ஆனால் பிறர் பார்க்கவும் தடை விதித்ததற்கு என்ன நியாயம்? காத்திருந்த அறிஞர் சிலர் காணாமலே கண்மூடினர். 1991 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் ஹன்ரிங்டன் நூலகம், தன்னிடமிருந்த நிழற்படப் பிரதிகளை எல்லா ஆய்வாளருக்கும் திறந்துவிட்டது.

அந்த நான்காம் குகைத் துணுக்குகளில் ஒன்று, சபையாரைக் கண்காணிப்பவர் வைத்திருந்த குறிப்பு. கண்டிக்கப்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. அனனியா என்றொருவர். யோகனான் என்றொருவர், அவர் முன்கோபக்காரராம்.