எச்சரிக்கை மட்டும் போதுமா?

1970-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இரவு, வங்கக் கடலின் வடமுனையில் ஒரு புயல் கரையைக் கடந்தது. அன்று அந்தப் பகுதிக்குக் கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர். இன்று அது வங்காள தேசம். ஓர் இரவுக்குள் மாண்டவர் தொகை மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிட்டுள்ளனர். போலா தீவில் உள்ள தஜுமுதீன் வட்டாரத்தில் மட்டும் 1,67,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் பொழுது விடிவதற்குள் இல்லாமற் போயினர்.

பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள ஏழை நாடுகள் எவ்வாறு திட்டமிடுகின்றன என்ற கேள்விக்கு, அண்மைக் காலத்து மாநாடுகளிலிருந்து விடை தேடத் தொடங்குவது வழக்கம். இந்த இரவிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பார்ப்போம்.

அந்தப் புயல் சொல்லாமல் வந்ததன்று. செயற்கைக்கோள் படங்களில் அது தெரிந்தது. வானொலியும் அறிவித்தது. பின்னர் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அப்பகுதி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புயல் வருவதை அறிந்தே இருந்தனர். ஆனால் உறுதியான கட்டடத்தை நாடிச் சென்றவர் நூற்றுக்கு ஒருவரே!

அறிந்தும் ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்களா? எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் வரை மண்ணும் மூங்கிலும் கீற்றும்தான். மாட்டை யாரிடம் விட்டுப் போவது? மேலும், முந்தைய மாதமே ஒரு புயலுக்கு இதே போல எச்சரித்தார்கள். அது பெருஞ்சேதம் எதுவுமின்றிப் போயிற்று. பொய்த்துப்போன எச்சரிக்கை அடுத்த எச்சரிக்கையின் மதிப்பைக் குறைத்துவிடும் அல்லவா?

உயிர்களைக் கொன்றது காற்றன்று, கடல் நீர். இதனைச் சற்று விளக்குவோம். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல்மட்டம் சிறிது உயரும். ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்பது கணக்கு. ஐம்பது மில்லிபார் குறைந்தாலும் உயர்வு அரை மீட்டர்தான். மீதியெல்லாம் காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர். ஆழ்கடலில் அவ்வாறு தள்ளப்படும் நீர் அடியில் புகுந்து திரும்பிவிடும். ஆழமற்ற கடலில் திரும்ப வழியில்லை; கரையை நோக்கிக் குவிய வேண்டியதுதான். வங்கக் கடலின் வடபகுதியோ ஆழமற்றது. போதாததற்குப் புனல் போலக் குறுகிக்கொண்டே செல்வது. 1970-இல் நீர் உயர்ந்த நேரம், கடல் ஏற்றத்தின் நேரமாகவும் அமைந்துவிட்டது. ஆறு மீட்டருக்கும் மேலாக எழுந்த நீர், இரண்டு மூன்று மீட்டர் உயரமே உள்ள தீவுகளின் மேல் ஓடியது.

புயலுக்குப்பின், டாக்காவிலிருந்த காலரா ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தனர். ஆல்பிரட் சோமர் என்னும் இளம் அமெரிக்க மருத்துவர் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் வைட்டமின் 'ஏ' ஆராய்ச்சியால் புகழ்பெற்றவர் இவரே. பிழைத்தவர் பலருடைய மார்பிலும், கைகளின் உட்புறத்திலும், தொடைகளிலும் தோல் உரிந்த காயங்களை அவர்கள் கண்டனர். மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்ததன் அடையாளம் அது. மரத்தைப் பிடித்துத் தொங்க வலுவில்லாதவர் யார்? குழந்தைகள், முதியோர், பெண்கள். இறந்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்பதை அந்தக் கணக்கு காட்டியது.

நாடு விடுதலை பெற்றபின், 1972-இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேச அமைப்பு அங்கே ஒரு புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1973-இல் அரசும் அதில் பங்கேற்றது. கருவிகளைப் பார்த்தால் யாருக்கும் வியப்பு வராது: ஒரு டிரான்சிஸ்டர் வானொலி, கையில் பிடித்துப் பேசும் ஒலிபெருக்கி, கையால் சுழற்றும் சைரன், கொடிகள், மிதிவண்டி. அபாயம் கூடக்கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி எனக் கம்பத்தில் ஏறும். எழுத்தறியாதவருக்கும் அது விளங்கும். இவற்றைக் கையாளச் சுமார் 20,000 தொண்டர்கள். எல்லோரும் அந்தந்த ஊர்க்காரர்கள். டாக்காவிலிருந்து வானொலி சொன்னால் சந்தேகப்படுகிறவன், பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டிச் சொன்னால் எழுந்திருப்பான். கால்நடைகளுக்காக உயர்ந்த மண்மேடுகளும் எழுப்பப்பட்டன. மக்கள் அவற்றைக் 'கில்லா' என்று அழைத்தனர். மாட்டைக் காப்பாற்ற இடமிருந்தால்தான் மாட்டுக்காரன் வீட்டை விட்டு நகருவான் என்ற உண்மையை, எந்த வானிலை நூலிலும் படித்தறிய முடியாது.

ஆயினும் 1991 ஏப்ரல் 29 அன்று மீண்டும் ஒரு பெரும்புயல். சுமார் 1,38,000 பேர் மாண்டனர். எச்சரிக்கை சென்றடையவில்லை என்று இம்முறை சொல்ல இயலாது. சென்று ஒதுங்கப் போதிய கட்டடங்கள் இல்லை, அவ்வளவே. சில வாரங்களுக்குப்பின் நடந்த ஓர் ஆய்வு இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. ஆய்வுக்கு உட்பட்டோரில், செங்கல் அல்லது கான்கிரீட் கட்டடத்தில் தங்கியவர்களுள் ஒருவர்கூட இறக்கவில்லை. அங்கே போய்ச் சேராதவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தனர். நாற்பது வயதைக் கடந்த பெண்களில் இறந்தோர் நூற்றுக்கு 31.

பெண்கள் ஏன் இவ்வளவு பேர்? ஆடவர் நிறைந்த ஒரே கூடத்தில், தனிக் கழிப்பறைகூட இல்லாத இடத்தில், இரவு முழுவதும் எப்படி இருப்பது என்ற தயக்கம். கணவன் வந்து சொல்லட்டும் என்ற காத்திருப்பு. குழந்தைகளையும் கோழிகளையும் திரட்ட ஆகும் நேரம். நீரில் காலைச் சுற்றும் சேலை. பொறியியல் என்று இவற்றை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கட்டடத்தின் வரைபடத்தை மாற்றியவை இவைதாம். 1991-க்குப்பின் பேராசிரியர் ஜமிலுர் ரேசா சவுத்ரியின் தலைமையில் வல்லுநர் குழு ஒன்று புதிய திட்டத்தை வகுத்தது. தூண்களின் மேல் உயர்த்திய கட்டடம். சாதாரண நாட்களில் அது பள்ளிக்கூடம். பூட்டிக் கிடக்கும் காப்பகம் பத்தாண்டில் பாழாகும். சாவி யாரிடம் என்று தேடுவதற்குள் தண்ணீர் வந்துவிடும். குழந்தைகள் நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டை இருட்டிலும் அடையாளம் தெரியும். பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் படிப்படியாக இடம்பெற்றன.

பலன் என்ன? 2007 நவம்பரில் 'சிதர்' புயலில் இறந்தோர் ஏறத்தாழ 3,400. 2020 மே மாதம் 'அம்பன்' புயலின்போது, கொரோனா பரவிய நிலையிலும், 24 லட்சம் மக்கள் காப்பகங்களுக்குச் சென்றனர். வங்காள தேசத்தில் இறந்தோர் சுமார் 26. இந்த எண்களை அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது. புயல் தாக்கிய இடம் வேறு, கடல் ஏற்றத்தின் நேரம் வேறு. சிதரின் வேகத்தைச் சுந்தரவனக் காடு ஓரளவு தாங்கிக்கொண்டது. சாலைகளும் கைபேசிகளும் வந்துவிட்டன. இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், லட்சங்கள் பத்துகளாகக் குறைந்ததில் அந்தத் தொண்டர்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் உரிய பங்கு பெரியது. தொண்டர்கள் இப்போது 76,000 பேர்; அவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

இனி இதே கடற்கரையின் மற்றொரு வரலாற்றுக்கு வருவோம். இது அவ்வளவு மகிழ்ச்சியானதன்று.

முற்காலத்தில் தென்மேற்குக் கடலோர உழவர்கள் 'எட்டு மாத அணை' என்று ஒன்று போடுவார்கள். உப்புநீர் ஏறும் மாதங்களில் தாழ்வான மண்கரை எழுப்பிக் காத்து, மழைக்காலத்தில் அதைத் திறந்துவிடுவார்கள். ஆற்றுநீர் வயலில் பரவி வண்டலைப் படியவிடும். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. களிமண் நிலம் தானாகவே சிறிது சிறிதாக அமிழும்; வண்டல் அதை ஈடுசெய்யும். 1960-களில் வெளிநாட்டு உதவியுடன் நிலையான கரைகள் கட்டப்பட்டன. கரைசூழ்ந்த இந்நிலங்களுக்கு டச்சுக்காரர்களின் சொல்லாகிய 'போல்டர்' என்றே பெயர் வைத்தார்கள். முதலில் விளைச்சல் பெருகியது. ஆனால் உப்போடு வண்டலும் வெளியே நின்றுவிட்டது. அது ஆற்றின் அடியில் படிந்து ஆறு மேடாயிற்று, வயல் பள்ளமாயிற்று. மதகைத் திறந்தாலும் மழைநீர் வடியவில்லை. 'பீல்' எனப்படும் தாழ்நிலங்கள் ஆண்டுக்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தன.

1990-இல் பீல் டகாட்டியாவில் மக்களே கரையை வெட்டினார்கள். 1997-இல் பீல் பைனாவிலும் அப்படியே செய்தார்கள். சட்டப்படி குற்றம்தான். ஆனால் நாளுக்கு இருமுறை ஏறிய கடல் நீர் உள்ளே வண்டலைக் கொட்டியது. வற்றும்போது ஆற்றின் அடியை அரித்து ஆழமாக்கியது. சில ஆண்டுகளில் பீல் பைனாவின் நிலம் சில இடங்களில் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதிகாரிகளும் பின்னர் இதை ஒரு முறையாக ஏற்றுக்கொண்டனர். இதிலும் சிக்கல் உண்டு: தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில் அந்த உழவர் எதைச் சாப்பிடுவார்? அதற்கான இழப்பீடு ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்ற குறை நீடிக்கிறது.

உலக நாடுகள் 2001-இல் மராகேஷ் நகரில் கூடி, மிகப் பின்தங்கிய நாடுகள் ஒவ்வொன்றும் தத்தம் தகவமைப்புச் செயல்திட்டத்தை எழுத வழி செய்தன. வங்காள தேசம் 2005-இல் தன் திட்டத்தை அளித்தது. 2009-இல் விரிவான உத்தியொன்றை வெளியிட்டு, தன் சொந்தப் பணத்திலேயே ஒரு நிதியத்தையும் தொடங்கியது. தலைக்கு ஆண்டுக்கு ஒரு டன் கரியமில வாயுகூட வெளியிடாத நாடு இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2018-இல் நூற்றாண்டின் இறுதி வரை நோக்கும் டெல்டா திட்டம் வந்தது. கடல்மட்டம் உயர்கிறது, புயல்களின் வலிமை கூடுகிறது என்ற புதிய செய்தி இந்த ஏடுகளில் உண்டு. காப்பகம், தொண்டர், கரை, வடிகால் ஆகியவை முன்பே இரத்தமும் உப்பும் கொடுத்து வாங்கியவை.

அந்த 2009-ஆம் ஆண்டிலேயே, மே மாதம், 'அய்லா' புயல் சுந்தரவனத்தை ஒட்டிய 32-ஆம் எண் போல்டரின் கரைகளை உடைத்தது. உள்ளே இருந்த நிலம், வெளியே உள்ள காட்டு நிலத்தைவிட ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை தாழ்ந்திருந்ததைப் பின்னர் அளந்து கண்டனர். உடைப்புகள் அடைபட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை குடும்பங்கள் எஞ்சிய கரையின் மேலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. ஏராளமானோர் ஊரை விட்டே சென்றனர். அந்த இரண்டு ஆண்டுகளில் உடைப்பின் வழியே புகுந்த வண்டல், பல பத்தாண்டுகளில் படிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சில இடங்களில் படிந்திருந்தது. பின்னர் கரையை மூடி, மேலும் உயர்த்திக் கட்டினார்கள். இப்போது வண்டல் மறுபடியும் வெளியேதான் நிற்கிறது.