மண்ணெண்ணெய்க் காலத்து மொறிஸ் மைனர்

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர், யாழ்ப்பாணத்தில் அரை நூற்றாண்டு கடந்தும் வாடகைக் காராக உழைத்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் உதிரிப்பாகமும் அரிதாயின. சிறு போத்தல் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்த நாட்களில் எங்கள் கராஜ்களில் வளர்ந்த பொறுமையைப் பின் பிறேக் ட்ரம்மில்தான் நான் கண்டேன்.

மாரி மழையில் கைப்பிறேக் போட்டபடி நின்ற கார் இறுகிவிடும். சில்லைக் கழற்றி, கைப்பிறேக்கைத் தளர்த்தி, ட்ரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் எடுப்பார்கள். ட்ரம் கொஞ்சம் வெளியே வந்து நின்றால், தேய்மானத்தால் விளிம்பில் உண்டான வரம்பு பிறேக் சூக்களில் சிக்குகிறது. ட்ரம்மிலுள்ள துளைக்குள் ஸ்க்ரூட்றைவரை விட்டு அஜஸ்டரைத் தளர்த்தினால் கழன்றுவிடும். அசையவே மறுத்தால் நடுவில் துரு. அங்கே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுவார்கள்.

விளிம்பில் நெம்புகோல் போட மூத்த மெக்கானிக்குகள் விடவே மாட்டார்கள். வார்ப்பிரும்பு வெடித்தால் அன்று மாற்று ட்ரம் கிடையாது. இன்று பாகம் கிடைக்கிறது. ஆனாலும் அந்தப் பொறுமையை இளம் மெக்கானிக்குகள் கற்கவேண்டும். பழைய பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும் பழகவேண்டும்.