தனிப்பானையும் தனித்தட்டும்: நோய், கல்வி, இழிவு – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் தேர்ச்சி பெற்றோர் பட்டியலும் பட்டம் பெற்றோர் படங்களும் இடம்பெறுதல் இயல்பு. அவை நமக்குப் பெருமை தருவன. ஆயினும் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தும் இப்பட்டியல்களில் இடம்பெறாது போன பிள்ளைகளைப் பற்றியும் நாம் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வறுமையால் படிப்பை விட்டோர் உண்டு. நோயால் விட்டோரும் உண்டு. நோயைக் காட்டிலும் நோயைப் பற்றிய ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி விட்டோர் பலர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

நம் தென்னாற்காட்டு மண்ணில் தாழ்த்தப்பட்டோர் கல்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளியை நிறுவினார். சேரிப் பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவின் வாயில் அதனால் திறந்தது. காட்டுமன்னார்கோயில் தந்த தலைவர் எல்.இளையபெருமாள், தம் மாணவப் பருவத்தில், பள்ளியில் நம் பிள்ளைகளுக்கெனத் தனியே வைக்கப்பட்ட தண்ணீர்ப் பானையை உடைத்தவர். அவரே பின்னாளில் தீண்டாமை பற்றி ஆராய நடுவண் அரசு 1965இல் அமைத்த குழுவின் தலைவராகி, 1969இல் அதன் அறிக்கையை அளித்தார். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் கோணிப்பையில் தனித்து அமர்ந்ததையும், ஏவலர் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாதிருந்ததையும் நாம் படித்திருக்கின்றோம். தனிப்பானை என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறு அறிந்த நாமே, நம் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காசநோய் என்று மருத்துவர் கூறியவுடன் செய்வது யாது? அவனுக்குத் தனித்தட்டு, தனிக்குவளை, திண்ணையில் தனிப்பாய். உற்றார் வந்தால் "சளிக் காய்ச்சல்" என்று ஒரு பொய். பள்ளியில் உடன் அமர்ந்தவன் எழுந்து வேறு பலகைக்குச் செல்வான். சின்னாளில் அப்பிள்ளை பள்ளிக்குச் செல்வதையே நிறுத்திவிடுவான். இத்தகைய ஒரு மாணவனையேனும் அறியாத தெரு நம்மிடையே அரிது. தனிப்பானைக்கு அன்று கூறப்பட்ட காரணமும் தனித்தட்டிற்கு இன்று கூறப்படும் காரணமும் ஒன்றே: "தொட்டால் ஒட்டிக்கொள்ளும்." முதலாவது முழுப்பொய். இரண்டாவது எவ்வளவு மெய் என்பதை அறிவியல் ஆராய்ந்து விடை கூறியிருக்கின்றது. அவ்விடை நம் தமிழகத்திலேயே பிறந்தது என்பது பெருமைக்குரிய செய்தி.

முதலில் தொழுநோயின் வரலாற்றைக் காண்போம். நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873இல் தொழுநோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1890-91இல் இந்தியாவில் சுற்றி ஆராய்ந்த தொழுநோய் ஆய்வுக் குழு, இந்நோய் எளிதில் தொற்றக்கூடியதன்று, நோயாளரைக் கட்டாயப்படுத்தி ஒதுக்கி வைத்தல் தேவையில்லை என்றே கருதியது. ஆயினும் ஊராரின் அச்சமே வென்றது. 1898இல் தொழுநோயாளர் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் யாரைப் பிடிக்கச் சொன்னது? பொருள் படைத்த நோயாளரை அன்று; பிழைக்க வழியின்றித் தெருவில் இரந்து நின்ற ஏழை நோயாளரையே காவலர் பிடித்து விடுதியில் அடைக்க அது வழிசெய்தது. மேலும் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நோயாளர் உணவுப் பண்டம் விற்கலாகாது என்றும், உள்ளாட்சி விதி விலக்கிய பொதுக்கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கலாகாது என்றும், வாடகை வண்டியில் ஏறலாகாது என்றும் விதித்தது. பொதுக்கிணறு மறுக்கப்படுவது எத்தகைய துன்பம் என்பதை நம் முன்னோர் எந்நோயும் இன்றியே அனுபவித்தவர்கள். இச்சட்டத்தை நடுவண் அரசு நீக்கியது 2016இல்தான். தொழுநோயை முற்றிலும் குணப்படுத்தும் கூட்டுமருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல் என்பதை நினைவிற் கொண்டால், மருந்து வந்த பின்னரும் இழிவு எத்தனை ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் உயிர் வாழ்ந்தது என்பது விளங்கும்.

அடுத்துக் காசநோய். செர்மானிய அறிஞர் இராபர்ட் காக் இதன் கிருமியை 1882இல் அறிவித்தார். மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில், நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே சிகிச்சை எனக் கருதப்பட்டன. எனவே ஊருக்குப் புறத்தே சானடோரியங்கள் எழுந்தன. மருத்துவர் சவுரிமுத்து தாம்பரத்தில் 1928இல் தொடங்கியது அத்தகைய ஒன்று. ஆயின் நாட்டில் நோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ மிகக் குறைவு. வசதி உள்ளவர்க்கு இடம் கிடைத்தது. குடிசைவாழ் ஏழைக்குத் திண்ணையும் தனித்தட்டுமே கிடைத்தன.

இந்நிலையில், 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அமைத்தது அது. அங்கு எழுப்பப்பட்ட வினா எளியது: ஏழை நோயாளியை அவனது நெருக்கமான குடிசையிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணப்படுத்த இயலுமா? அதனால் வீட்டில் உள்ளோர்க்குக் கேடு விளையுமா?

சென்னையின் ஏழை மக்களிடையே நோயுற்றோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றப் பிரிவினர் தத்தம் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். சானடோரியத்தில் இருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் கிடைத்தன. அவர்கள் எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தோர்க்கோ பழைய கூழும் பழைய நெருக்கடியுமே. முடிவுகள் 1959இல் வெளியாயின. நோய் குணமாவதில் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதனினும் வியப்பானது, நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த உறவினரைப் பற்றிய முடிவு. வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினர், சானடோரியம் சென்றோரின் குடும்பத்தினரைவிட மிகுதியாக நோய்வாய்ப்படவில்லை. அதாவது, தொற்றும் அபாயம் பெரிதும் இருப்பது நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே. முறையாக மருந்து உண்ணத் தொடங்கியபின் அவ்வபாயம் விரைந்து குறைந்துவிடுகின்றது.

இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. சானடோரியத்தில் அடைத்தல் என்னும் முறை படிப்படியாக மறைந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் மட்டுமன்று, சென்னைக் குடிசைகளில் வாழ்ந்த பெயர் தெரியாத ஏழை மக்களின் உடலிலும் பொறுமையிலும் பிறந்த உண்மை இது. அதனை முதலில் அறிந்து பயன்படுத்த வேண்டியவர்கள் நாமன்றோ?

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். காசநோய்க் கிருமி இருமலாலும் தும்மலாலும் காற்று வழியே பரவுவது. தட்டாலும் குவளையாலும் பரவுவதன்று. ஆகவே தனித்தட்டு எவரையும் காப்பதில்லை. காப்பதில்லை என்பதோடு நில்லாது, கேடும் செய்கின்றது. எவ்வாறெனில், தட்டு வேறாகும் என்று அஞ்சும் மாணவன் தன் இருமலை மறைக்கின்றான். மறைக்கும் நாளெல்லாம் மருந்தின்றிக் கழிகின்றது. மருந்தில்லா அந்நாள்களிலேதான் அவன் தம்பிக்கும் தங்கைக்கும் உடன் பயில்வோர்க்கும் நோய் பரவுகின்றது. இழிவு நோயைத் தடுப்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் இழிவே நோயைப் பரப்புகின்றது.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் எர்விங் காஃப்மன் 1963இல் இழிவுமுத்திரை பற்றி ஒரு நூல் எழுதினார். உடற்குறை, ஒழுக்கக்குறை எனக் கூறப்படுவது, பிறந்த இனம் அல்லது சமயம் ஆகிய மூன்றையும் அவர் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். முத்திரை வெவ்வேறாயினும் அதனைச் சுமப்போர் நடந்துகொள்ளும் முறை பெரிதும் ஒன்றே என்று காட்டினார். மறைக்கக்கூடியதை மறைத்தல், கேள்விக்கு அஞ்சிக் கூட்டத்தை விலக்குதல், பிறர் கண்ணால் தன்னைத் தாழ்வாக நோக்குதல் ஆகியன அவை. ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் "எந்தத் தெரு?" என்னும் அடுத்த கேள்விக்கு அஞ்சி நகரத்து விடுதியில் வாய்மூடி இருந்த நம் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. அதே வாய்மூடலை நோயுற்ற நம் பிள்ளைமீது நாம் சுமத்தலாகாது.

பெற்றோரின் நோயும் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கும். தமிழகத்தில் காசநோயாளர் குடும்பங்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்து 1999இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்று, பள்ளி செல்லும் பிள்ளைகளுள் 100க்கு 11 பேர் படிப்பை நிறுத்தினர் என்றும், மேலும் 8 பேர் குடும்பத்தைக் காக்க வேலைக்குச் சென்றனர் என்றும் கூறுகின்றது. நோயுற்ற பெண்களுள் 100க்கு 15 பேர் தம் குடும்பத்தாராலேயே ஒதுக்கப்பட்டனர் என்பதும் அதன் முடிவு. தாய் ஒதுக்கப்பட்ட வீட்டில் மகளின் புத்தகப்பை எங்கே தொங்கும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

மருந்து மட்டும் போதாது என்பதற்கு வேலூர் சான்று. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இல் பணியேற்ற மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். கை நிமிர்ந்தவர்கள் மகிழ்வோடு ஊர் திரும்பினர். ஆனால் ஊரார் எவரும் அவர்க்கு வேலை கொடுத்தாரில்லை. மடங்கிய கைக்கு விழுந்த பிச்சையும் நிமிர்ந்த கைக்கு விழவில்லை. எனவே 1951இல் கல்லூரி வளாகத்திலேயே புதுவாழ்வு மையம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கு இளைஞர்கள் தச்சு வேலை முதலியன கற்றனர். காயம் படாது கருவியைப் பிடிக்கவும் பழகினர். கற்ற தொழிலே அவர்களை மீண்டும் மனிதர் நடுவே நிறுத்தியது. கல்வி நோயாளிக்கு ஆடம்பரம் அன்று. சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே இதன் பாடம்.

எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் சென்னையில்தான். 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் அதனை வெளிப்படுத்தினர். அதன்பின் பிறந்த களங்கம் குற்றமறியாக் குழந்தைகளைப் பள்ளி வாசலில் நிறுத்தியது. நாடாளுமன்றம் 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தொற்று உள்ளவர் என்ற காரணத்தால் கல்வி நிலையத்தில் சேர்க்க மறுப்பதையும் வேற்றுமை காட்டுவதையும் தடை செய்கின்றது. 1898இன் சட்டம் நோயாளியை விலக்கியது. 2017இன் சட்டம் விலக்குவோரைத் தடுக்கின்றது. இடைப்பட்ட 119 ஆண்டுகளில் சட்டம் நடந்து வந்த தூரம் இது. நாம் எவ்வளவு தூரம் நடந்திருக்கின்றோம்?

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் நெடுந்தொலைவன்று. அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையை நாம் அறிவோம். பீங்கான் தொழிலில் எழும் சிலிக்காத் தூசியை நெடுநாள் சுவாசிப்போர் நுரையீரல் கெடும். அத்தகையோரைக் காசநோய் எளிதில் பற்றும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆகவே இருமும் தந்தையைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளை, அவ்விருமல் தன் பள்ளிக் கட்டணத்திற்காக உழைத்ததன் விளைவாகவும் இருக்கலாம் என்பதை உணர்தல் வேண்டும். நோய் ஒழுக்கக் கேட்டின் தண்டனையன்று. முற்பிறப்பின் பயனும் அன்று. பிறப்பால் தாழ்ந்தவன் என்ற பொய்யை மறுத்த நாம் இப்பொய்யையும் மறுக்கக் கடமைப்பட்டவர்கள்.

இளைஞர்களே! உங்களிடம் நாம் வேண்டுவன சில. இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலை மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உணர்ச்சியற்ற வெளிறிய தேமலைக் கண்டால் உடனே காட்டுங்கள். காசநோயாளர்க்கு ஊட்ட உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு, 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. அதனைக் கேட்டுப் பெறுங்கள். சிகிச்சையின் தொடக்கத்தில் மருத்துவர் சொல்லும் சில நாள்கள் வீட்டில் இருத்தலும், வாயை மூடி இருமுதலும் முறையே. ஆனால் அது விடுப்பு, நீக்கம் அன்று. அந்நாள்களில் அன்றன்றைய பாடக் குறிப்பை எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது உடன் பயிலும் நண்பனின் கடன். அவன் திரும்பி வரும் நாளில் அவனுக்குரிய பலகையில் அவனுக்குரிய இடம் காத்திருத்தல் வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாளரத்தைத் திறந்து வையுங்கள். மருந்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். இவை மூன்றும் செய்தபின், அப்பிள்ளையை எல்லோரோடும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவிடுங்கள்.

நம் கழகம் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பள்ளியில் தனிப்பானை உடைந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லி வந்திருக்கின்றோம். அடுத்த கால் நூற்றாண்டில் நம் வீடுகளில் தனித்தட்டும் இல்லாது போயிற்று என்று பொன் விழா மலரில் எழுதும் நிலை வருமாயின், பட்டியலில் இடம்பெறாது போன அப்பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நேர்மையான நினைவாஞ்சலி அதுவே ஆகும்.