பிச்சாவரம் காடு அழிந்ததும் மீண்டதும்

பெருநாளுக்கு மறுநாள் என்றால் எம் சிறுவயதில் பிச்சாவரம்தான். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம். அங்கிருந்து கிள்ளை சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். மீந்த பலகாரங்களைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போவோம். துடுப்புப் படகு குறுகிய கால்வாய்க்குள் நுழைந்ததும் கிளைகள் கூரைபோல் கவிந்து வெயிலை மறைத்துவிடும். ஒருமுறை கிளையொன்றை ஒடிக்கக் கை நீட்டினோம். "வேண்டாம் தம்பி, பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்" என்று படகோட்டி தடுத்தார். அத்தாவும் அதட்டினார்.

அது தில்லை மரம். சிதம்பரத்திற்குத் தில்லை என்று பழம்பெயர் அமைந்தது அம்மரத்தால்தான் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஆற்று நீரும் கடல் நீரும் கலக்குமிடத்தில், சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்துள்ளது பிச்சாவரம். வெண்கண்டலும் சுரபுன்னையும் இங்கு மிகுதி. இவ்வளவு செழித்த காடு ஒரு காலத்தில் நடுப்பகுதி வறண்டு, மொட்டைத் திடலாகிக் கிடந்தது. உள்ளூர் மக்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே காரணம் என்றே நெடுங்காலம் பேசப்பட்டது. நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம்.

உண்மை வேறாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முழுவதுமாக வெட்டும் வழக்கம் ஏற்பட்டது. விடுதலைக்குப் பின்னும் அது நீடித்தது. நிழலிழந்த சேற்று நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. அப்பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகியது. உப்பு மட்டும் மண்ணில் ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் கன்று எதுவும் பிழைக்கவில்லை.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதனை ஆராய்ந்து, வனத்துறையுடனும் கிராம மக்களுடனும் சேர்ந்து மீட்புப் பணியில் இறங்கியது. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஓதநீர் ஏறி இறங்க வழி கிடைத்தது, உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் வேர்பிடித்தன. குற்றம் சாட்டப்பட்டிருந்த மக்களின் கைகளே அப்பணியில் உழைத்தன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தது. கடலூர்க் கரையில், அலையை நேரே எதிர்கொண்ட கிராமங்கள் சிதைந்தன. அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் தப்பின. இதை ஆராய்ந்த கட்டுரை 2005இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் சதுப்புநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

மரம் நடுவது தர்மம் என்று மதரஸாவில் கற்பிக்கிறோம். கேட்ட செய்தியைத் தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தார்மீது பழி சுமத்தலாகாது என்பதையும் அதே பாடத்தில்தான் கற்பிக்கிறோம். ஆயினும், கிளையை ஒடிக்கவிடாமல் எம் கையைத் தடுத்தவரின் ஊராரையே காட்டை அழித்தவர்கள் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். இறைவன் மன்னிப்பானாக! அடுத்த பெருநாளில் பிள்ளைகளைப் படகில் ஏற்றும்போது, இந்த வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.